தாசில்தாரின் இரண்டாவது கொட்டை

மே 12, 2025, திங்கள்

காலை மணி 8.10. பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து இந்த நிமிடம் வரை, சேலத்தில் நானும் பெனசீரும் நடத்துகிற ஆஸ்பத்திரியில் நாய்களின் வயிற்றிலிருந்து வெளியே வந்த பொருள்கள்: முப்பத்திரண்டு. வாய் வழியாக ஸ்கோப்பை விட்டு நான் பிடித்து இழுத்தவை பதினேழு. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தவை ஒன்பது. வயிற்றைத் திறந்து எடுத்தவை ஆறு. அந்த ஆறும் பெனசீர் எடுத்தவை. கத்தி வரியில் என் பெயருக்கு நேரே பூஜ்ஜியம். அவளுக்குக் கத்தி வரும், எனக்கு ஸ்கோப் வரும். வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு உள்ளறை வெள்ளைப் பலகையில் இருக்கிறது. கீழே பந்தயம். மே முடிவதற்குள் மாங்கொட்டை ஜெயிக்கும் என்று நான். சாக்ஸ்தான் என்று அவள். தோற்றவர் ஜூன் முழுக்க ஸ்கோப்பைக் கழுவ வேண்டும். இன்றைய நிலவரம் எட்டுக்கு எட்டு. மீதியெல்லாம் பேனா மூடி, கொலுசுத் திருகு, பிரியாணிப் பொட்டலத்து நூல் வகையறா. மே மாதச் சேலத்தில் மாங்கொட்டைக்கு எதிராகப் பந்தயம் கட்டுகிறவளை என்ன சொல்வது.

அவள் நாளை வாணியம்பாடி போகிறாள், தம்பி கல்யாணம். புதன் 21 வரை ஆஸ்பத்திரி என் பொறுப்பு. திரும்பி வந்து "என்னடா நடந்துச்சு" என்று அரைமணி நேரம் குடைவாள். இந்த நோட்டை நீட்டிவிட்டு நான் வேலையைப் பார்ப்பேன். அதற்குத்தான் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்பே குடைச்சல் ஆரம்பம்.

"எதுக்குடா பிப்ரவரியிலேருந்து எண்ற? ஜனவரிக்கு என்னாச்சு?"

"ஜனவரியில பலகை வாங்கலை."

"பேப்பர் கூடவா இல்ல?"

வெளியே ஒரு பக் நாய் காத்திருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். உண்மையிலேயே காத்திருந்தது.

மே 13, செவ்வாய்

பெனசீர் காலையில் ஐந்து ரோட்டில் மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்காம். என் மேசைமேல் பையை வைத்தாள். கைப்பையில் வேறு எதையோ டிஷ்யூவில் சுற்றி வைத்திருந்தாள், மேசை பிசுபிசுத்துப் போனது. நான்தான் துடைத்தேன். பன்னிரண்டு மணி ரயிலுக்குப் போய்விட்டாள்.

மதியம் ஒரு லாப்ரடார். ஸ்கூல் யூனிஃபார்ம் சாக்ஸ். அதை முழுங்கிய பிறகு வீட்டுக்காரர் ஆறு வாழைப்பழம் கொடுத்திருக்கிறார்.

"வழுக்கிட்டு வந்துரும்னு நெனச்சேன் சார்."

"சாக்ஸை முழுங்கினா டாக்டர்கிட்ட வரணும். பழக்கடைக்குப் போகக் கூடாது."

ஊசி போட்டேன். முதலில் ஆறு வாழைப்பழம் வந்தது, பிறகு சாக்ஸ். எங்கள் கம்பவுண்டர் மாதையன் தரையைத் துடைத்துக்கொண்டே "வழுக்கத்தான் செய்யுது சார்" என்றார். சாக்ஸ் ஒன்பது. பலகையில் நானே என் கையால் எழுத வேண்டியிருந்தது.

மே 14, புதன்

தடுப்பூசி பதினொன்று. யாரும் எதையும் முழுங்கவில்லை. போர்.

மே 15, வியாழன்

10.35க்கு வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. மாம்பழ வண்டி. செந்தூராவும் குண்டும் இமாம்பசந்தும் அடுக்கியது அடுக்கியபடி இருக்க, நடுவில் பழங்களை ஒதுக்கிச் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு செவலை நாட்டு நாய் படுத்திருந்தது. ஐந்து ரோட்டிலிருந்து அந்த வெயிலில் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள் அந்த அம்மாள். நாற்பது வயசிருக்கும்.

"பேரு?" என்றேன்.

"வளர்மதிங்க."

"நாய் பேரு."

"தாசில்தாருங்க."

மாதையன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வண்டிக்கடியில காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, போற வர்ற ஆளையெல்லாம் ஒரு பார்வை பாக்குமுங்க. நாம எத்தனை வாட்டி கூப்பிட்டாலும் எழுந்திருக்காது. அதான் அந்தப் பேரு."

செவ்வாய் சாயங்காலத்திலிருந்து வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. ரெண்டு நாளாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஓமத்தண்ணி கொடுத்தாளாம்.

"ஓமத்தண்ணி."

"சீரகமும் போட்டேனுங்க."

என்னென்னவோ வாய்வரை வந்தது. ஈறைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நின்றது. வாயை மூடிக்கொண்டு நரம்பில் சலைன் ஏற்றினேன்.

"கொட்டைதாங்க முழுங்கியிருக்குது. ரெண்டு."

"பாத்தீங்களா?"

"பாக்கல. எண்ணினேன்."

விஷயம் இதுதான். வாங்க வருகிறவர்களுக்கு ருசி காட்ட இவள் பழம் அறுப்பாள். அந்தக் கொட்டைகளை வண்டிக்கடியில் ஒரு வாளியில் போட்டுவைப்பாள். வாழப்பாடிப் பக்கமிருந்து நாற்றுப் பண்ணைக்காரர் வந்து, ஒட்டுக்கட்ட என்று நூறு நூறாக எண்ணி எடுத்துப்போவார். ஒன்று குறைந்தாலும் முகம் சுளிப்பாராம். அதனால் தினமும் சாயங்காலம் எண்ணிக் கழுவி வைப்பது இவள் வழக்கம். செவ்வாய்க்கிழமை அறுத்த பழம் பதினாறு. வாளியில் இருந்த கொட்டை பதினாலு.

"நான் எண்ணினா எண்ணினதுதாங்க, டாக்டர் தம்பி."

ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். சிறுகுடலின் நடுவில் ஒரு வளைவு, அதன் பின்னால் கறுப்பு நிழல். மாங்கொட்டை, சந்தேகமே இல்லை. ஒன்று. குடலுக்குள் போய்விட்டது, ஸ்கோப் எட்டாது. வாந்தியில் வராது.

நாமக்கல் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். அதுதான் முறை. அங்கே ஆள் அதிகம், வசதி அதிகம். நான் பாதி எழுதியபோது மாதையன் நாயின் தொடையில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றேகால் மணி நேரம் வண்டியில தாங்காதுங்க சார்."

"டாக்டர் பெனசீர் ஊர்ல இல்ல" என்றேன்.

வளர்மதி குறுக்கே வந்தாள். "நீங்க டாக்டருதானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க இன்னொரு டாக்டரைத் தேடறீங்க? நான் பழம் விக்கறேன், பழம் வேணும்னு வந்தவங்களை அடுத்த வண்டிக்கு அனுப்புவனா?"

 சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

11.20க்கு மயக்கம் கொடுத்தேன். நாய்க்கு மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையை மாதையன் பார்த்துக்கொண்டார். 11.32க்குக் கத்தி வைத்தேன். குடலை வெளியே எடுத்ததும் தெரிந்தது, ஒரு முழம் நீளத்துக்குச் சிவந்து வீங்கி, அதன் முனையில் கெட்டியாக அது. கொட்டை அடைத்த இடத்தில் அறுக்காமல், சற்றுத் தள்ளி நல்ல சதையில் கீறி, அதை மெல்ல வழித்து அங்கே கொண்டுவந்து எடுத்தேன். நார் முழுக்க அப்படியே இருந்தது. செந்தூரா. தட்டில் டொக் என்று விழுந்தது.

"ஒண்ணு" என்றார் மாதையன்.

தைத்தேன். உப்புநீர் ஏற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு கசியவில்லை. பிறகு குடலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விரலிடுக்கில் விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இரைப்பையைத் தடவினேன். ஒன்றுமில்லை. திரும்ப முதலிலிருந்து.

"ரெண்டாவது வாட்டிங்க சார்."

"தெரியும்."

மூன்றாவது முறை பார்த்தபோது மாதையன் நேரத்தை மட்டும் சொன்னார். அதற்குமேல் வயிற்றைத் திறந்து வைத்திருக்க முடியாது. மூடினேன். 12.41.

கதவுக் கண்ணாடியில் வளர்மதியின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கொட்டையைக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கேட்டாள்:

"இன்னொண்ணுங்க?"

"இல்ல. ஒண்ணுதான்."

"ரெண்டுங்க."

கொட்டையைக் கழுவி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்தேன். மாங்கொட்டை ஒன்பது என்று பலகையில் எழுதினேன். கத்தி வரியைத் தொடவில்லை. முடிவு தெரியட்டும்.

மே 16, வெள்ளி

தாசில்தார் தலையைத் தூக்கியது. காய்ச்சல் இல்லை. தண்ணீர் பத்து மில்லி, நின்றது.

பெனசீரிடமிருந்து மெசேஜ்: "எல்லாம் ஓகேயா? சாக்ஸ் எத்தனை?" ஓகே, ஒன்பது என்று அனுப்பினேன். வேறென்ன சொல்ல.

மாலை மாதையன் அலமாரியைத் துடைத்தார். எடுத்த பொருள் ஒவ்வொன்றிலும் நாயின் பெயரும் தேதியும் ஒட்டியிருக்கும். மூலையில் ஒரு பாதி ரப்பர் பந்து. "இதுக்கு மட்டும் சீட்டு ஒட்டலையே சார்" என்றார். பசை தீர்ந்துவிட்டது என்றேன்.

பசை இருக்கிறது. அது ஜூனோ. ஸ்பேனியல். ஜனவரி 21. பந்தை இரண்டாகக் கடித்து முழுங்கியிருந்தது. ஒரு பாதியை எடுத்தேன். வெளியே மூன்று கேஸ் காத்திருந்தன. குடலின் கடைசி ஒரு முழத்தைத் தடவிப் பார்க்காமல் மூடினேன். மூன்றாம் நாள் வாலாட்டிக்கொண்டு சாப்பிட்டது. ஐந்தாம் நாள் இல்லை. மறு பாதியைப் பிறகுதான் எடுத்தேன். வீட்டாரிடம் உடம்பு தாங்கவில்லை என்று சொன்னேன்.

பெனசீரிடம் நோட்டைக் கொடுப்பதற்கு முன் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.

மே 17, சனி

காலை 9.15. தாசில்தார் வாந்தி.

ஸ்கேன் வைத்தேன். குடல் முழுக்கக் காற்று, ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. மாதையனைத் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பி வந்து வாந்தியை ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. பித்த மஞ்சள் இல்லை. மோந்து பார்த்தேன்.

இமாம்பசந்த்.

வளர்மதி வார்டு வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை துண்டு?"

"ஒண்ணே ஒண்ணுங்க."

"எத்தனை துண்டு?"

"மூணு. மூஞ்சி வாடிக் கெடந்துச்சு தம்பி, மனசு கேக்கல."

"குடலைத் தைச்சு ரெண்டு நாள் ஆகலை. மூஞ்சி வாடாம பரதநாட்டியமா ஆடும்? இனிமே இந்தக் கதவைத் தாண்டி ஒரு மாம்பழம் வந்துச்சு, உங்களையும் அந்தக் கூண்டுல போட்டுப் பூட்டிருவேன்."

கத்திவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். தாசில்தாரின் காதுக்குள் குனிந்து, "பாத்தியா, உனக்கு மேல அதிகாரி" என்றாள். மாதையன் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார். கூண்டுக்குள்ளிருந்து வால் இரண்டு முறை தரையைத் தட்டியது.

தியேட்டர் விளக்கை அணைக்கச் சொன்னேன். மூன்று துண்டு மாம்பழம். அவ்வளவுதான். கை இன்னும் ஈரமாக இருந்தது.

மே 18, ஞாயிறு

ஞாயிறு லீவு. வந்தேன்.

11.05க்கு மலம் போனது. கெட்டியாக, நல்ல நிறம். கையுறை போட்டுக்கொண்டு முழுக்கக் கிளறிப் பார்த்தேன். கொட்டை இல்லை.

வளர்மதி அரைமணி நேரத்துக்கு ஒருமுறை வருவதும் போவதுமாக இருக்கிறாள். வெள்ளியன்றே வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தடுப்பூசிக்கு வருகிறவர்களெல்லாம் பை நிறைய மாம்பழத்தோடு போகிறார்கள். பழம் கொடுக்கும்போதே "கொட்டையை நாய்க்குப் போட்றாதீங்க, குடலை அறுத்துருவாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டுகிறாள். இரண்டு வருடமாக நான் சொல்லி ஒருவர் கேட்டதில்லை. அவள் சொன்னால் தலையாட்டுகிறார்கள்.

மே 19, திங்கள்

சோறும் கோழிச் சாறும், நாலு வேளை, நின்றது. காற்று இறங்கிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை.

ஜனவரியிலும் மூன்றாம் நாள் ஸ்கேனில் ஒன்றுமில்லை.

மே 20, செவ்வாய்

ஐந்தாம் நாள். காலை ஆறரைக்கே வந்துவிட்டேன். கூண்டைத் திறந்தேன். தாசில்தார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, மனுவை அப்புறம் பார்க்கிறேன் என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கியது. மூச்சு இருபத்திரண்டு, நாடி திடமாக இருந்தது. காய்ச்சல் இல்லை. மலம் போயிருந்தது, கிளறினேன். இல்லை.

வளர்மதி தேங்காய் பன்னும் டீயும் வாங்கிவந்து என் மேசையில் வைத்தாள். "வீட்டுக்குக் கூட்டிப் போகட்டுங்களா?" என்றாள்.

"நீங்க ரெண்டுன்னு சொன்னீங்க."

"ஆமாங்க, ரெண்டுதான்."

"ரெண்டாவது எங்கன்னு தெரியாம விடமாட்டேன்."

அவள் டீயை என் பக்கம் தள்ளினாள். "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

மே 21, புதன்

முதலில் முடிவை எழுதிவிடுகிறேன். தாசில்தார் வீட்டுக்குப் போய்விட்டது. பழ வண்டியில், சாக்கின்மேல், ஊர்வலமாக.

பெனசீர் காலை பத்து மணிக்கு வந்தாள். கையில் வாணியம்பாடி பிரியாணி, கல்யாண வீட்டுது. வந்ததும் பலகைக்குத்தான் போனாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினாள்.

"டேய் விமல். கூட்டினா ஒண்ணு இடிக்குதே. சாக்ஸ் ஒன்பது, மாங்கொட்டை ஒன்பது, மத்தது பதினாறு, மொத்தம் முப்பத்திநாலு. ஆனா ஸ்கோப் பதினேழு, வாந்தி பத்து, கத்தி ஆறு, இது முப்பத்திமூணுதான் வருது. ஒன்பதாவது கொட்டை எப்படி வெளிய வந்துச்சு? கதவைத் தட்டி உத்தரவு கேட்டுட்டு வந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் வார்டுக் கதவு திறந்தது.

"அட, நீங்களா!" என்றாள் வளர்மதி. "செவ்வாக்கெழமை காலையில வந்து ரெண்டு கிலோ இமாம்பசந்த் வாங்கினீங்களே!"

"அக்கா! அம்மா ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

வளர்மதி சொல்ல ஆரம்பித்தாள். தள்ளுவண்டி, ஓமத்தண்ணி, கத்தி, எல்லாம். "இந்தத் தம்பிதான் அறுத்து எடுத்தாரு" என்றபோது பெனசீர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வளர்மதி நிறுத்தவில்லை. "ஒண்ணு கெடச்சிருச்சு. இன்னொண்ணைத்தான் காணோம். அன்னைக்குப் பதினாறு பழம் அறுத்தேன், வாளியில பதினாலுதான் இருந்துச்சு."

பெனசீரின் முகம் மாறியது. "செவ்வாய்க்கிழமையா?"

"செவ்வாக்கெழமைதான்."

"அக்கா... நான் உங்ககிட்ட கேட்டேனே. வாளியிலேருந்து ஒரு கொட்டை எடுத்துக்கட்டுமா, எங்கம்மா தொட்டியில ஊனுவாங்கன்னு. நீங்க பழத்தை எடை போட்டுக்கிட்டே தலையாட்டினீங்க."

"நான் எப்பம்மா தலையாட்டினேன்?"

"ஆட்டினீங்க."

"தராசைப் பாத்து ஆட்டியிருப்பேன்!"

டிஷ்யூ. பிசுபிசுத்த மேசை. நானே துடைத்த மேசை.

"ஏம்மா, எடுத்தா வாயைத் தொறந்து சத்தமா சொல்ல மாட்டியா? இந்தத் தம்பி ஆறு நாளா சோறு தண்ணி இல்லாம நாய் பீயைக் கிளறிக்கிட்டு இருக்காரு!"

மாதையன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பெனசீர் வாயைப் பொத்திக்கொண்டாள், பிரயோஜனமில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன் என்று மாதையன் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: மூன்று முறை தடவிப் பார்த்ததும் அங்கே ஒன்றுமில்லை என்று என் விரல் சொன்னது. அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனேடா" என்றாள் பெனசீர். "ஓகேயான்னு கேட்டதுக்கு ஓகேன்னு அனுப்பின."

"ஓகேயாதான் இருந்துச்சு."

"பொய்." பிறகு அலமாரி மூலையில் இருந்த பாதிப் பந்தைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "ஜனவரியில பலகை வாங்கலைன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அதற்குள் தாசில்தார் தானாகவே எழுந்து கூண்டை விட்டு வெளியே வந்தது. யார் கூப்பிட்டும் எழுந்திருக்காத நாய். பிரியாணி வாசனை. நாலு பேரும் ஒரே நேரத்தில் "ஏய்!" என்று கத்தினோம்.

வளர்மதி கிளம்பும்போது ஒரு கூடை செந்தூரா வைத்துவிட்டுப் போனாள். கொட்டை எல்லாவற்றையும் கழுவித் திருப்பித் தரவேண்டுமாம். எண்ணித்தான் வைத்திருக்கிறாளாம்.

பந்தயம் ஒன்பதுக்கு ஒன்பது. தன் கொட்டையையும் மாங்கொட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள் பெனசீர், அனுதாபமாம். வயிற்றுக்குள் போகாத கொட்டை கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டேன்.

இனி செய்ய வேண்டியவை:

1. வளர்மதி அக்காவின் வாளிக்கு இறுக்கமான மூடி. நாளைக் காலையே.
2. 27ஆம் தேதி தாசில்தாருக்குத் தையல் பிரிப்பது. வண்டிக்கே போய்ப் பிரிக்கலாம், அது எழுந்து வராது.
3. தியேட்டர் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்ட: "முதலிலிருந்து கடைசிவரை. வெளியே யார் காத்திருந்தாலும்."
4. வாணியம்பாடித் தொட்டியில் முளை விட்டதா என்று வாரம் ஒருமுறை பெனசீரைக் கேட்க. கன்று வளர்ந்தால் நாற்றுப் பண்ணைக்காரரிடம் காட்டி, அந்தக் கணக்கை நேர் செய்ய.
5. இந்த நோட்டை இன்றைக்கே பெனசீரிடம் கொடுக்க. 16ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்காமல்.
6. பாதிப் பந்துக்குச் சீட்டு: ஜூனோ, ஜனவரி 21.
7. ஜூனோ வீட்டுக்குப் போக. போனில் வேண்டாம், நேரில். நடந்ததை நடந்தபடி சொல்ல.
8. பலகையில் தலைப்பை மாற்ற: பிப்ரவரி அல்ல, ஜனவரியிலிருந்து. கத்தி வரியில் என் பெயருக்கு நேரே இரண்டு.